சத்தம் பத்தாத கடிகாரம்

அத்தியாயம் 11

ஆசை ஆசையாக நல்லது செய்யும் பிள்ளைகளைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். கெட்டது செய்கிறவனைத் திட்டிவிடலாம். நல்லது செய்கிறவனை எதைச் சொல்லித் திட்டுவது? செவ்வாய்க்கிழமை சாயங்காலத்திலிருந்து அழகப்பன் பட்ட பாடு அதுதான்.

போன வாரம் அவர்களை விட்டுவந்த இடம் சிங்கப்பூரில், மார்சிலிங்கில் உள்ள நாலறை வீடு. கப்பல் பட்டறையில் முப்பது வருடம் வெல்டராக இருந்து, பாதிக் காதை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தவர் அழகப்பன். அவர் மனைவி மங்களத்துக்கு இரண்டு வருடமாகக் கண் மங்கி மங்கி, இப்போது தெரிவது வெளிச்சமும் நிழலும் மட்டும். கண் நரம்பு போய்விட்டது, போனது திரும்பாது என்று டாக்டர் சொன்னது கணவனுக்கும் மனைவிக்கும் மட்டும் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் வீட்டை விற்கச் சொல்வார்கள். செங்காங்கில் மகன் ரித்திக் வாங்கியிருக்கும் புது வீட்டுக்கு மூட்டை கட்டச் சொல்வார்கள். அதனால் வாயைத் திறக்கவில்லை.

கண் தெரியாதவள் எப்படிச் சமாளித்தாள் என்று கேட்டு இரண்டு வாசகிகள் எழுதியிருந்தார்கள். சமையலறையில் எந்த டப்பா எங்கே என்று மங்களத்தின் கைக்குத் தெரியும். வருகிறவர்களைக் காலடிச் சத்தத்தில் கண்டுபிடிப்பாள். ஆனால் அழகப்பன் பூனை மாதிரி நடப்பார், பேச்சும் குறைவு. அவரை அவள் கண்டுபிடித்தது அவர் கைக்கடிகாரத்தை வைத்து.

முதல் சம்பளத்தில் பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கியது, சாவி கொடுக்கிற கடிகாரம். உள்ளே இருந்தது மலிவிலும் மலிவான மெஷின். நல்ல கடிகாரத்தில் உரசுகிற இடமெல்லாம் சிவப்புக் கல் பதித்திருப்பார்கள். இதில் ஒரு கல்கூடக் கிடையாது. இரும்பும் பித்தளையும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும். அதனால் ஒரு நாளைக்கு ஏழு நிமிடம் முந்தி ஓடும், நாலடி தள்ளி நின்றாலும் டிக் டிக் என்று கேட்கும். அழகப்பன் எந்த நாற்காலியில் இருக்கிறார், எப்போது எழுந்து போனார் என்பதெல்லாம் மங்களத்துக்கு அந்தச் சத்தம்தான் சொல்லும்.

அப்பா பிறந்தநாளுக்கு ஆச்சரியம் தரலாம் என்று அந்தக் கடிகாரத்தை ரித்திக் சொல்லாமல் எடுத்துப் போனான். பழைய மெஷினைக் கழற்றிவிட்டு பேட்டரி மெஷின் போட்டுக் கொண்டுவந்தான். இனி ஒரு வினாடி தப்பாது, மூச்சுவிடுகிற சத்தம்கூட வராது. செவ்வாய் சாயங்காலம் அப்பா கையில் அவனே கட்டிவிட்டு, இரவு அங்கேயே தங்கினான்.

புதன்கிழமை காலை மங்களம் தோசைத் தட்டை மேசைக்குக் கொண்டுவந்தாள். ஜன்னலோர நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

"சட்னி காரமா இருந்தா சொல்லுங்க. தேங்கா கம்மி இன்னைக்கு."

நாற்காலியில் யாரும் இல்லை. அழகப்பன் ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்று மாத்திரை அட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். எதிரில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்த ரித்திக் நிமிர்ந்தான்.

"அம்மா, யார்கிட்ட பேசறீங்க?"

அழகப்பன் இரண்டே எட்டில் வந்து நாற்காலியில் விழுந்தார். "என்கிட்டதான். நான்தான் இங்க வைக்கச் சொன்னேன்."

"எப்ப சொன்னீங்க? நான் இங்கதானே இருக்கேன்."

"தோசை ஆறுது. சாப்பிடு."

மங்களம் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். அழகப்பன் தோசையைப் பிய்த்தபடியே யோசித்தார். இவனையாவது அதட்டி வாயை அடைத்துவிடலாம். சாயங்காலம் ஆறு மணிக்குச் சிராங்கூனிலிருந்து மூத்த மகள் ரக்ஷனா வருகிறாள், வீடு விற்பது பற்றிப் பேச. அவள் தொடக்கப்பள்ளி ஆசிரியை. முப்பது பிள்ளைகளில் எது பொய் சொல்கிறது என்று முதுகைத் திருப்பிக்கொண்டே சொல்லக்கூடியவள். அவள் முன்னால் மங்களம் ஒரு தடவை காலி நாற்காலியோடு பேசினால் போதும், கதை முடிந்தது.

அவர் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இதோட பழைய மெஷின் எங்க?"

"கடையில. ஏன்ப்பா?"

"போன் போடு. அதையே திருப்பி மாட்டச் சொல்லு."

ரித்திக் சிரித்தான். அப்பா விளையாடுகிறார் என்று நினைத்தான். முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அப்பா, அது டெய்லி ஏழு நிமிஷம் ஃபாஸ்ட். நீங்களே எத்தனை தடவை திட்டியிருக்கீங்க. இப்ப பெர்ஃபெக்ட் டைம். இதுல என்ன ப்ராப்ளம்?"

"பழசுதான் வேணும்."

"ரீசன் சொல்லுங்க லா."

சொல்ல முடிந்தால் சொல்லியிருக்க மாட்டாரா? அழகப்பன் போனை எடுத்து அவன் கையில் திணித்தார். ரித்திக் கடைக்குப் பேசினான். பேசப் பேச அவன் குரல் இறங்கியது.

"போட்டுட்டாங்களாம்ப்பா. குப்பையில."

"யாரைக் கேட்டு?"

"என்னைக் கேட்டாங்க. வேணுமா, தூக்கிப் போடவான்னு. நான்தான் போடச் சொன்னேன். துருப்பிடிச்ச மெஷின், அத வச்சு நான் என்ன செய்யறது?"

அழகப்பன் எழுந்து சட்டையை மாட்டினார். நல்ல கோபம். அதை யார்மேல் காட்டுவதென்று தெரியாத கோபம். பட்டன் இரண்டு தடவை இடம் மாறியது.

"கிளம்பு. தேக்காவுல வாட்ச் ரிப்பேர் பண்ற நசீர் பாய் இருக்காரு. அவர்கிட்ட பழைய மெஷின் கிடக்கும்."

"எனக்குப் பதினொரு மணிக்கு மீட்டிங் இருக்கு."

"அப்ப நான் தனியாப் போறேன். கடைக்காரர் மெதுவாப் பேசுவாரு, எனக்குக் காதுல விழாது. விழாமலே ஏதாவது வாங்கிட்டு வரேன்."

ரித்திக் அரைநாள் லீவு போட்டான். அவனுக்கும் வலித்தது. ஒரு பரிசு கொடுத்து, அதைக் கொடுத்ததற்கே தண்டனையாக லீவும் போட வைத்தால் யாருக்குத்தான் வலிக்காது? "ஆறு மணிக்குள்ள வந்துடுவோம்" என்று அழகப்பன் மங்களத்திடம் சொன்னார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ரயிலில் இடம் கிடைத்தது. நிம்மதி கிடைக்கவில்லை. காது மந்தமானவர்கள் ரகசியம் பேசினால் பெட்டி முழுக்கக் கேட்கும்.

"எனக்கு நேரம் சரியாக் காட்ட வேணாம்டா. சத்தம் வேணும், சத்தம்."

எதிரில் இருந்த பெண் காதிலிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். ரித்திக் ஷூவைப் பார்த்துக்கொண்டான். நியூட்டனில் இருவரும் இறங்கி ரயில் மாறினார்கள்.

நசீர் பாயின் கடை டன்லப் ஸ்திரீட்டை ஒட்டிய சந்தில், ஒரு கடைவீட்டு மாடிப்படிக்குக் கீழே. குடையை விரித்தால் இடம் தீர்ந்துவிடும். கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு அவர் கடிகாரத்தின் முதுகைத் திறந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"பேட்டரி மெஷின் போட்டுட்டாங்களா? நல்லாத்தானே ஓடுது அண்ணே."

"அதக் கழட்டிட்டு சாவி குடுக்கறது போடணும்."

"எல்லாரும் அதக் கழட்டி இத போடச் சொல்லுவாங்க. நீங்க தலைகீழாச் சொல்றீங்க." அவர் ஊசியால் எதையோ நெம்பிப் பார்த்தார். "சிக்கல் இருக்கு. டயலுக்குப் பின்னாடி ரெண்டு கால் இருக்கும், மெஷின்ல சொருகறதுக்கு. பேட்டரி மெஷினுக்கு அது இடிக்கும்னு வெட்டிட்டாங்க. இப்ப கோந்து வச்சு ஒட்டி நிக்குது."

"செய்ய முடியுமா, முடியாதா?"

"செய்யலாம். முதல்ல மெஷின் கிடைக்கணும்."

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு மெஷினைக் காகிதத்தோடு எடுத்தார். "இது சுவிஸ். பதினேழு கல்லு. உங்க வாட்ச் கேஸுக்குக் கரெக்டா உக்காரும். தங்கமா ஓடும்."

அழகப்பன் அதை வாங்கி மகனிடம் கொடுத்தார். "நீ கேளு."

ரித்திக் காதருகே கொண்டுபோனான். "ஓடுது."

"காதுகிட்ட வேணாம். பாய் கையில குடுத்துட்டு நாலடி தள்ளிப் போ. கேக்குதா?"

ரித்திக் நாலடி தள்ளி நின்றான். சந்து முனையில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்தது. யாரோ வெங்காய மூட்டையை இறக்கினார்கள். "ஒண்ணும் கேக்கல."

"அப்ப வேணாம் பாய். சத்தம் பத்தல."

நசீர் பாய் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டார். "அண்ணே, இந்தத் தொழில்ல இருபத்தாறு வருஷம். சத்தம் கேக்குது, தலைமாட்டுல வச்சாத் தூக்கம் வரலைன்னு வந்திருக்காங்க. சத்தம் பத்தலைன்னு ஒருத்தரும் வந்ததில்ல."

"கல்லு இல்லாத மெஷின் இருக்கா? மட்டமானது?"

"மட்டமானது வேணும்னு கேக்கறவரும் நீங்கதான்."

அவர் ஒரு பிஸ்கட் டின்னைக் குனிந்து எடுத்துக் கவிழ்த்தார். அறுபது, எழுபது மெஷின்கள் இருக்கும், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே முகம். இவற்றை யாரும் ரிப்பேர் செய்வதில்லை என்றார். தகடுகளை ஆணியடித்து மூடியிருப்பார்களாம். கெட்டால் முழுசாகத் தூக்கிப் போட்டு வேறு வைப்பதுதான் வழக்கமாம். ஒன்றுகூட ஐந்து வெள்ளி பெறாது, உதிரிக்கு ஆகுமே என்று வைத்திருக்கிறாராம்.

அடுத்த ஒன்றரை மணி நேரத்தை நான் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே நின்றவர்களுக்கு அது வேகமாகப் போகவில்லை. முதல் மெஷின் பத்து டிக்கில் நின்றது. இரண்டாவதில் சுருள் அறுந்திருந்தது. மூன்றாவது கேஸைவிடப் பருமன். நான்காவது நன்றாக ஓடியது, ஆனால் நாள் ஒன்றுக்கு அரை மணி நேரம் பிந்தும் என்றார் பாய். பரவாயில்லை என்றார் அழகப்பன். அவர் சொல்லி முடிப்பதற்குள் அதுவும் நின்றது. ஒவ்வொரு தடவையும் ரித்திக் நாலடி தள்ளிப் போவதும் வருவதுமாக இருந்தான். அவன் போன் மூன்று தடவை அடித்தது. மேனேஜர்.

எட்டாவது மெஷின் ஓடியது. நசீர் பாய் அதை டின் மூடிமேல் வைத்தார். தகரம் முழுக்க டிக் டிக் என்று அதிர்ந்தது. நாலடி தள்ளி நின்ற ரித்திக் கையைத் தூக்கினான். அழகப்பன் ஆள்காட்டி விரலை மூடிமேல் வைத்துப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக முகம் தெளிந்தது.

"யாருக்குக் கேக்கணும் அண்ணே?" என்றார் நசீர் பாய், சாதாரணமாக.

அழகப்பன் திடுக்கிட்டார். "எனக்குத்தான். காது மந்தம்ல."

"அப்பா," என்றான் ரித்திக். "உங்களுக்கு இது காதுல வச்சாலே கேக்காது. இப்பகூட விரல வச்சுத்தான் பாத்தீங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது தெரிந்ததும் அழகப்பன் பேச்சை மாற்றினார். "எப்ப குடுப்பீங்க பாய்?"

"சனிக்கிழமை."

"இன்னைக்கு ஆறு மணிக்குள்ள வேணும்."

"டயலுக்குக் கால் வைக்கணும், பசை காயணும், சாவிக்கம்பி வேற வெட்டணும். நடக்காது."

"அப்ப மெஷின மட்டும் குடுங்க. சட்டைப் பையில போட்டுக்கறேன்."

"கேஸ் இல்லாம பையில போட்டா நூலும் தூசியும் ஏறி ஒரு மணி நேரத்துல நின்னுடும். அப்புறம் என்கிட்ட வந்து சண்டை போடுவீங்க."

"வேற சாவி குடுக்கற வாட்ச், கையில கட்டற மாதிரி, ரெடியா ஒண்ணு?"

"இருக்கறது எல்லாம் நல்லது அண்ணே. சத்தம் வராது."

நல்லது எல்லாம் சத்தம் வராதது என்று கேட்டதும் அழகப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடிகாரத்தைப் பாயிடமே விட்டுவிட்டு, ரசீதைக்கூட வாங்காமல் நடந்தார். ரித்திக்தான் திரும்பிப் போய் வாங்கிவந்தான்.

"சத்தம்தான் வேணும்னா ஒரு அலாரம் க்ளாக் வாங்கித் தரேன்ப்பா," என்றான் ரித்திக், ரயில் நிலையப் படிக்கட்டில். எரிச்சலில்தான் சொன்னான். "கழுத்துல மாட்டிக்குங்க. எனக்குத் தெரியும், நான் எது வாங்கிக் குடுத்தாலும் உங்களுக்குப் பிடிக்காது. வீடு வாங்கினேன், வரமாட்டேன்றீங்க. வாட்ச் சரி பண்ணினேன், குப்பையத் தேடறீங்க. உங்களுக்கு என்னதான்ப்பா வேணும்?"

அழகப்பன் காதில் விழாதது மாதிரி நடந்தார். அது நன்றாகவே விழுந்திருந்தது.

மார்சிலிங் வந்து சேர்ந்தபோது மணி நாலு ஆகவில்லை. வீட்டுக் கேட் காற்றுக்காகத் திறந்தே கிடந்தது. ரித்திக் வாசலில் குனிந்து ஷூக் கயிற்றோடு மல்லுக்கட்டினான். அழகப்பன் செருப்பை விட்டுவிட்டுத் தன் வழக்கப்படி சத்தமில்லாமல் உள்ளே போனார்.

சமையலறையில் மங்களம் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஈப்போவில் இருக்கும் அக்கா நாகம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். காது மந்தமான புருஷனோடு பேசிப் பேசி அவளுக்கு யாரிடமும் உரக்கத்தான் வரும்.

"எனக்கு அலுத்துப் போச்சுக்கா," என்றாள்.

அழகப்பன் அவளுக்கு நாலடி தள்ளி நின்றுவிட்டார். மணிக்கட்டில் ஒன்றும் இல்லை. பழைய கடிகாரம் இருந்திருந்தால் அவள் அந்த இடத்தில் பேச்சை நிறுத்தியிருப்பாள்.

"அவருக்கு இந்த வீடுன்னா உசிரு. அதுக்காகத்தான் நான் கண்ணு தெரியற மாதிரி நடிச்சுக்கிட்டுக் கிடக்கேன். எனக்கு செங்காங் என்ன, மார்சிலிங் என்ன, எல்லாம் ஒரே இருட்டு. அங்க போனா பிள்ளைங்க கையப் பிடிச்சு நாலு இடம் கூட்டிட்டுப் போவாங்க. இங்க யாருக்கும் தெரியக்கூடாதுன்னு என்னை வெளியவே விடறதில்ல. டாக்டர்கிட்ட போறதத் தவிர ரெண்டு வருஷமா லிஃப்ட்ல ஏறலக்கா. கோயில் படிய மிதிக்கல."

அந்தப் பக்கம் நாகம்மா ஏதோ கேட்டாள்.

"அந்த வாட்ச்தான். நேத்து அது சத்தம் இல்லாம வந்ததும் அப்பாடான்னு இருந்துச்சு. இனி எப்படியும் பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சுடும், நான் சொல்ல வேண்டியதில்ல, அவர் மனசும் நோகாதுன்னு நினைச்சேன். காலையில அவர் ஃபிரிட்ஜ்கிட்ட மாத்திரை பிரிக்கற சத்தம் கேட்டும், வேணும்னே காலி நாற்காலிக்கு முன்னாடி தோசைய வச்சேன். ஓடி வந்து உக்காந்துட்டாரு. இப்ப பழைய மெஷினத் தேடிக்கிட்டுத் தேக்கா போயிருக்காரு. கிடைக்கக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அவள் போனை வைத்தாள். எழுந்தாள். தெரிந்த வழிதானே என்று நேராக நடந்து வந்து அழகப்பன் நெஞ்சில் மோதினாள். கை அவர் தோளிலிருந்து இறங்கி மணிக்கட்டைத் தொட்டது. வெறும் மணிக்கட்டு.

"எவ்வளவு நேரமா நிக்கறீங்க?"

"இப்பத்தான் வந்தேன்."

"ரித்திக் எங்க?"

ரித்திக் ஒரு காலில் ஷூவோடு அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. அழகப்பன் அவனைப் பார்த்தார். அவரையும் அறியாமல் வாய் பொய் சொன்னது. இரண்டு வருடத்தில் அதற்கு அவ்வளவு பழக்கம்.

"கீழ கடைக்குப் போயிருக்கான்."

தான் பேசியதை அவன் கேட்டிருக்க மாட்டான் என்று மங்களம் மூச்சுவிட்டாள்.

"இல்லம்மா," என்றான் ரித்திக். குரல் உடைந்தது. "நான் இங்கதான் இருக்கேன்."

அவள் குரல் வந்த பக்கம் திரும்பினாள். இரண்டு வருடமாக ஆள் முகத்தில் சரியாக நிறுத்தப் பாடுபட்ட கண்களை இப்போது எங்கும் நிறுத்தவில்லை. அவை அவனைத் தாண்டிச் சுவரில் கிடந்தன. ரித்திக் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். திட்ட நினைத்தவன் திட்டவில்லை.

"உன் அக்காகிட்ட நீ ஒண்ணும் சொல்லாத," என்றாள் மங்களம் அவனிடம். "அவ வரட்டும். நானே சொல்றேன்."

அழகப்பன் ஜன்னலோர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல மங்களம்? எல்லாம் உனக்காகத்தானே செஞ்சேன்."

"எனக்கு என்ன வேணும்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?" என்றாள் அவள். அன்றைக்குத்தான் அவள் குரல் உரக்க இல்லை. ஆனாலும் அவருக்குக் கேட்டது.

ரக்ஷனா வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.